பச்சைக்கு அடியிலே

மலாய் நாட்டுக்கு ஓர் ஆளையாவது அனுப்பி வைக்காத கிராமம் தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் ஜில்லாக்களில் ஒரு காலத்தில் அபூர்வமாயிருந்தது. பினாங்கிலே கப்பலிறங்கி, ரெயிலேறி, ஏதோ ஒரு தோட்டத்தின் லயத்தில் வருஷக்கணக்காகக் குடியிருந்துவிட்டுத் திரும்பியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கினால், ஒரு வாக்கியம் தவறாமல் வந்து சேரும்: "அங்கே எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை! கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை!" சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் வயலை எதிரே வைத்துக்கொண்டு அதைக் கேட்பவர்களுக்கு ஏக்கமாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பச்சையைப் பற்றியதே இந்தக் கட்டுரை. இன்று மலாய்த் தீபகற்பத்தின் மேலேயோ, ஜலசந்திக்கு அப்பாலுள்ள சுமத்ரா தீவின் மேலேயோ ஆகாய விமானத்தில் பறந்து செல்பவர்கள் கீழே நோக்கினால், அதே பச்சையைக் காண்பார்கள். சற்று உற்றுப் பார்த்தால் அந்தப் பச்சையில் ஓர் ஒழுங்கு புலப்படும். நம் வீட்டுப் பெண்கள் மார்கழி மாதத்தில் ஊடுபுள்ளி வைத்துக் கோலம் போடுவதுபோல், ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து முப்பதடி தூரத்தில், நிரை நிரையாக மரங்கள் நிற்கும். காட்டுக்குக் கோலம் போடத் தெரியாது. இது மனிதன் போட்ட கோலம். நிற்பவை செம்பனை மரங்கள். அவற்றின் குலையிலிருந்து பிழியும் எண்ணெய்தான் 'பாமாயில்' என்ற பெயரில் நமது ரேஷன் கடை வரையில் வந்து, நம் வீட்டு வாணலியில் அப்பளம் பொரிக்கிறது.

"பச்சை பச்சைதானே? காடானால் என்ன, தோட்டமானால் என்ன? இரண்டிலும் மரம் இருக்கிறது, இரண்டிலும் இலை இருக்கிறது, இரண்டுமே காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொள்ளுகின்றன" என்று கேட்பவர்கள் உண்டு. சாமானியர்கள் மாத்திரமின்றிப் பெரிய பதவியில் இருப்பவர்களும் இவ்விதம் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, குனிந்து, அதன் காலடியில் இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும்.

*

மண் மூச்சு விடுகிறது என்று சொன்னால் கவிகளின் கற்பனை என்று எண்ண வேண்டாம். ஒரு பிடி காட்டு மண்ணிலே கோடிக்கணக்கான கிருமிகளும், காளான் இழைகளும், புழுக்களும் குடியிருக்கின்றன. மேலிருந்து விழும் இலையும் சுள்ளியும், மடிந்த வேர்களும் அவற்றின் ஆகாரம். நாம் உண்ட சோற்றைப் பிராணவாயுவின் உதவியால் எரித்துக் கரியமிலவாயுவாக வெளியே விடுவதுபோலவே அவையும் விடுகின்றன. உயிருள்ள வேர்களும் அப்படியே மூச்சு விடுகின்றன. இவையெல்லாம் சேர்ந்து மண்ணிலிருந்து ஓயாமல் மேலே கிளம்பும் வாயுவையே மண்ணின் மூச்சு என்கிறோம்.

உண்டதெல்லாம் எரிந்து போய்விடுவதில்லை. ஒரு பகுதி மக்கி, கருத்து, களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான வருஷங்கள் அப்படியே தங்கிவிடுகிறது. தோட்டக்காரர்கள் 'நல்ல கறுப்பு மண்' என்று கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறார்களே, அந்தக் கறுப்பு முழுவதும் இவ்விதம் சேமித்து வைத்த கரிதான். பூமி முழுவதிலும், மேலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும், மண்ணில் இருக்கும் கரி சுமார் 1,50,000 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகாயத்தில் கரியமிலவாயுவாகக் கலந்திருக்கும் கரியோ சுமார் 87,000 கோடி டன்தான். நம் காலுக்குக் கீழே இருக்கும் பத்தாயம் தலைக்கு மேலே இருப்பதைவிடப் பெரியது. அதன் அடிக்கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே பிரச்னை.

இன்னும் இரண்டு வாயுக்களையும் அறிமுகம் செய்துவிட வேண்டும். ஒன்று மீதேன் என்னும் சதுப்பு வாயு. நீர் தேங்கிய சேற்றில் இது உண்டாகும். ஆனால் நல்ல வடிகாலுள்ள காட்டு மண்ணிலே இதைத் தின்றே ஜீவிக்கும் ஒரு ஜாதிக் கிருமி இருக்கிறது. ஆகையால் அத்தகைய காட்டு மண் காற்றிலிருந்து மீதேனை உறிஞ்சிக் கொள்ளுகிறது. மற்றொன்று நைட்ரஸ் ஆக்ஸைட். பல் பிடுங்கும் வைத்தியர்கள் கொடுக்கும் 'சிரிப்பு வாயு'வும் இதுவேதான். மண்ணிலே நைட்ரஜன் உப்புகள் மிஞ்சிப் போகும்போது இது கிளம்பும். பூமிக்குப் போர்த்திய கம்பளியாக இருந்து உஷ்ணத்தை வெளியேற விடாமல் தடுப்பதில், நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீதேன் சுமார் 27 டன் கரியமிலவாயுவுக்குச் சமம். ஒரு டன் சிரிப்பு வாயு சுமார் 270 டன்னுக்குச் சமம். சிரிப்பதற்குரிய விஷயமல்ல.

*

காடு தோட்டமானது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைச் சொந்த ஊராகக் கொண்ட செம்பனையின் நாலே நாலு கன்றுகள் 1848-ல் ஜாவாத் தீவின் போகோர் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. டச்சுக்காரர்கள் அவற்றை அழகுக்காக வைத்தார்கள். அந்த நாலு கன்றுகளின் சந்ததியை வைத்தே 1911-ல் சுமத்ராவில் முதல் வியாபாரத் தோட்டம் உண்டாயிற்று. 1917-ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் தென்னமாரம் என்னுமிடத்தில் பயிரிட்டார். (இவர் பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930-ல் தமது தேசத்தின் கோன்கூர் பரிசையும் பெற்றார். தோட்டத் துரைமார்களில் இப்படியும் ஒருவர்!) ரப்பரோ இதற்கும் முன்பே, 1877-ல், 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது.

அந்தக் காடுகளை அழித்து நிரை பிடித்த கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. கங்காணிகள் ஊர் ஊராய் வந்து ஆள் பிடித்துக் கொண்டுபோன கதையும், 1938-ல் இந்திய சர்க்கார் அந்த ஏற்றுமதியை நிறுத்திய கதையும் வாசகர்கள் அறிந்தவையே. பால் மரம் வெட்டியவர்கள் பட்ட கஷ்டங்களைப் பற்றி நாம் எவ்வளவோ படித்திருக்கிறோம். காலின் கீழிருந்த மண் பட்ட பாட்டை அந்த நாளில் யாரும் அளக்கவில்லை. அளக்கத் தோன்றவும் இல்லை. 1960-க்குப் பிறகு மலேஷியாவில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. பிறகு இந்தோனேஷியா முந்திக்கொண்டு, இன்று சுமார் 160 லட்சம் ஹெக்டேரில் செம்பனை பயிரிடுகிறது. ஒரு ஹெக்டேர் என்பது நமது இரண்டரை ஏக்கர்.

மண்ணை அளக்கும் காரியம் தக்க முறையில் நடந்த இடங்களில் ஒன்று சுமத்ராவின் நடுவே உள்ள ஜாம்பி மாகாணம். 2012-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையாரும் இந்தோனேஷியாவின் போகோர், ஜாம்பி, தாடுலாக்கோ சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்களும் கூடி அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். நாலு விதமான நிலங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலாவது, காடு. இரண்டாவது, 'காட்டு ரப்பர்' என்று சொல்லத்தக்க, காட்டு மரங்களுக்கு நடுவே குடியானவர்கள் ரப்பர்க் கன்றுகளை ஊன்றிவிட்டு, மற்றதைப் பெரும்பாலும் காட்டின் போக்கிலேயே விட்டுவிடும் பழைய முறைத் தோப்பு. மூன்றாவது, ரப்பர் மட்டுமே உள்ள தோட்டம். நாலாவது, செம்பனைத் தோட்டம்.

மூச்சை அளக்கும் விதம் வேடிக்கையானது, எளிதானதும்கூட. ஒரு வளையத்தை மண்ணில் அழுத்திப் பதித்து வைக்கிறார்கள். அதன்மேல் காற்றுப் புகாத மூடியைக் கவிழ்க்கிறார்கள். சில நிமிஷங்களுக்கு ஒரு தடவை, டாக்டர்கள் ஊசி போடும் குழல் போன்ற ஒன்றினால் உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சம் இழுத்து, சிறு புட்டியில் அடைத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். மூடிக்குள் கரியமிலவாயு எவ்வளவு ஏறிற்று, மீதேன் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மண்ணின் மூச்சு தெரிந்துவிடும். இதையே மாதாமாதம், மழையிலும் வெயிலிலும், இடம் இடமாகச் செய்ய வேண்டும். பொறுமைதான் இதற்கு வேண்டிய பெரிய கருவி.

கிடைத்த விடை முதலில் திகைப்பை உண்டாக்கும். செம்பனைத் தோட்டத்து மண், காட்டு மண்ணைவிட *குறைவாகவே* கரியமிலவாயுவை வெளியிட்டது! "பார்த்தீர்களா, தோட்டம்தான் உத்தமம்" என்று யாராவது ஒரு வியாபாரி இந்த ஒரு வரியை மாத்திரம் கத்தரித்து எடுத்துப் பத்திரிகையில் விளம்பரம் செய்துவிடலாம். அப்படிச் செய்தால் அது சத்தியமான வாக்கியமாகவே இருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய பொய் வேறு இருக்க முடியாது.

ஊரிலே இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் தினந்தோறும் அடுப்பு மூன்று வேளை எரிகிறது, வருவோரும் போவோரும் உண்கிறார்கள், செலவு அதிகம். ஆனால் அறுவடைக்கு அறுவடை நெல் வந்து பத்தாயம் நிறைந்த வண்ணமிருக்கிறது. இன்னொரு வீட்டில் செலவே இல்லை. ஏனென்றால் பத்தாயம் காலி. செலவுக் கணக்கை மட்டும் பார்த்து இரண்டாவது வீட்டுக்காரரைச் சிக்கனக்காரர் என்று மெச்சுவது எவ்வளவு புத்திசாலித்தனமோ, அவ்வளவுதான் மேலே சொன்ன விளம்பரமும்.

செம்பனையின் அடியில் மண்ணுக்கு வரவு மிகவும் குறைந்துவிடுகிறது. காட்டிலே வருஷம் முழுவதும் நூறு விதமான இலைகள் தரையெங்கும் உதிர்கின்றன. தோட்டத்திலோ, குலை வெட்டும்போது கழிக்கும் மட்டைகளை இரண்டு நிரைகளுக்கு ஒரு தரம் ஒரு வரிசையாகக் குவித்து விடுகிறார்கள். மற்ற இடமெல்லாம் வெறும் தரை. மரத்தைச் சுற்றி வட்டமாகக் களையைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை குலைகள் வெட்டப்பட்டு ஆலைக்குப் போய்விடுகின்றன. காட்டை அழித்த முதல் சில வருஷங்களில், மூடுவதற்கு இலையின்றிக் கிடந்த மேல் மண்ணை அந்தத் தேசத்துப் பெருமழை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சிய பழைய கரியைக் கிருமிகள் தின்று தீர்க்கின்றன. தின்று தீர்த்த பின் மூச்சு தானே தணிந்துவிடுகிறது. பட்டினி கிடப்பவன் மூச்சு மெலிந்துதானே இருக்கும்?

பத்தாயத்தையே திறந்து பார்த்தவர்களும் உண்டு. இந்தோனேஷியா, காமரூன், பெரு ஆகிய மூன்று தேசங்களில், காட்டிலும் அதற்கு அடுத்தாற்போலுள்ள செம்பனை, ரப்பர், கோக்கோத் தோட்டங்களிலும் மூன்று மீட்டர் ஆழம் வரையில் குழி தோண்டி மண்ணின் கரியை அளந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சில இடங்களில் காட்டு மண்ணில் இருந்த கரியில் பாதி வரையில் போய்விட்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: எந்த மண்ணில் முதலில் அதிகச் சேமிப்பு இருந்ததோ, அந்த மண்ணே அதிகமாக இழந்தது. தோட்டம் போடுகிறவன் 'நல்ல மண்' என்று தேடிப் போவதும் அந்த மண்ணைத்தான் என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. ஜாம்பியில் மரம், வேர், மண் யாவற்றையும் கூட்டிப் பார்த்ததில், காடு செம்பனைத் தோட்டமாவதால் ஹெக்டேருக்குச் சுமார் 170 டன் கரி நஷ்டம் என்று கண்டார்கள். அதில் மரத்தின் பங்கே பெரிது. ஆனால் மரத்தை மறுபடி நடலாம். மண்ணின் பங்கை நடுவதற்குக் கன்று கிடையாது.

மீதேன் கணக்கிலும் தோட்டம் தோற்றது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் மண் காற்றிலிருந்து மீதேனை உறிஞ்சுவது காட்டு மண்ணைவிடக் குறைந்து போயிற்று. மண்ணின் நைட்ரஜன் போஷாக்கு குன்றிப்போனதே காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். மீதேன் தின்னும் கிருமிகளுக்கும் நைட்ரஜன் வேண்டியிருக்கிறது போலும். அப்படியானால் உரத்தைக் கொட்டலாமே என்றால், கொட்டுகிறார்கள். கொட்டிய சில வாரங்களுக்கு அந்த இடத்திலிருந்து சிரிப்பு வாயு குபீரென்று கிளம்புகிறது. கொட்டுவதில் பெரும் பகுதி வீண் என்பதும் பிறகு தெரிய வந்தது. 2016-ல் ஜாம்பியிலே ஒரு பெரிய தோட்டத்தில் நைட்ரஜன் உரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்து, களைக்கொல்லி மருந்து தெளிப்பதற்குப் பதில் கருவியால் களையை வெட்டிப் பார்த்தார்கள். நாலு வருஷங்களுக்குப் பிறகும் மகசூல் குறையவில்லை; செலவு குறைந்ததால் லாபம் கூடிற்று. இவ்வளவு காலமாக ஆகாயத்துக்குச் சிரிப்பு மூட்டுவதற்காகவே காசு கொடுத்து உரம் வாங்கியிருக்கிறார்கள்!

*

இதுவரை சொன்னது மேட்டு நிலத்துக் கதை. சதுப்பு நிலத்துக் கதை வேறு. பத்து மடங்கு பயங்கரமானது.

சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் போர்னியோவின் தாழ்ந்த பிரதேசங்களிலும் ஒரு விசித்திரமான காடு இருக்கிறது. அங்கே வருஷம் முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்பதால், விழுந்த இலையும் மரமும் மக்குவதற்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாக அவை ஒன்றின்மேல் ஒன்றாக, பாதி மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கின்றன. இதற்குப் 'பீட்' என்று பெயர். நிலக்கரியின் குழந்தைப் பருவம் என்று சொல்லலாம். சில இடங்களில் இதன் ஆழம் பத்து மீட்டருக்கும் மேல். அங்கே மண் என்று தனியாக ஒன்று இல்லை. தரை முழுவதுமே கரிதான். காபியின் டிகாக்ஷன் நிறத்தில் ஓடும் அந்தப் பிரதேசத்து ஆற்று நீரைப் பார்த்தாலே இது விளங்கும்.

இந்த இடத்தில் செம்பனையோ, காகிதக் கூழுக்காக அகேசியா மரமோ பயிரிட வேண்டுமானால், முதல் வேலை வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பது. தண்ணீர் வடிந்ததும் காற்று உள்ளே புகுகிறது. ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கைகட்டிக் காத்திருந்த கிருமிகளுக்கு அன்றுதான் இலை போட்டுப் பந்தி விரிக்கிறார்கள்! பிறகு கேட்க வேண்டுமா? தண்ணீர் வடித்த பீட் நிலத்துச் செம்பனைத் தோட்டத்தில், ஹெக்டேருக்கு வருஷத்துக்குச் சுமார் 40 டன் கரியமிலவாயு தரையிலிருந்து கிளம்புகிறது என்றும், அகேசியாத் தோட்டத்தில் சுமார் 73 டன் என்றும் சர்வதேச நிபுணர் குழு 2013-ல் கணக்குக் கொடுத்திருக்கிறது. இந்திய ஜனங்களில் சராசரியாக ஒருவர் பெயரில் நிலக்கரி, பெட்ரோல் முதலியவற்றால் வருஷத்துக்கு வெளிப்படும் கரியமிலவாயு சுமார் இரண்டு டன். ஆக, இருபது பேர் ஒரு வருஷம் புகைப்பதை இரண்டரை ஏக்கர் நிலம், பச்சைப் பசேலென்று மரங்களைத் தாங்கிக்கொண்டே, சத்தமின்றிப் புகைக்கிறது.

நீரில் மூழ்கிக் கிடந்த காலத்தில் அந்தக் காடு கொஞ்சம் மீதேனை விட்டுக்கொண்டிருந்தது உண்மை. வடித்த பிறகு தரையிலிருந்து அது குறைகிறது என்பதும் உண்மை. சிலர் இதை ஒரு லாபமாக எடுத்துச் சொல்லுவார்கள். வாய்க்கால்களிலிருந்து கிளம்பும் மீதேனை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது போகட்டும்; நாற்பது டன்னுக்கு முன்னால் இந்தச் சில்லறை எம்மாத்திரம்?

தரையே கரியென்றால், கரி ஆகாயத்துக்குப் போகப் போகத் தரை என்ன ஆகும்? தாழும். சுமத்ராவின் அகேசியாத் தோட்டங்களில் அளந்தபோது, வாய்க்கால் வெட்டிய முதல் வருஷத்திலேயே தரை 75 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தது. ஐந்து வருஷங்களில் 142 சென்டிமீட்டர். ஓர் ஆளின் மார்பளவு! அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்து கொண்டே போயிற்று. ஆரம்பத்தில் தாழ்வதற்குப் பெரிய காரணம் தண்ணீர் வடிந்து பீட் இறுகுவது. பின்னால் தாழ்வதற்குப் பெரிய காரணம் அது காற்றோடு கரைந்து போவது. தரை ஆற்று மட்டத்துக்கு வந்துவிட்டால் வெள்ளம் உள்ளே புகும். பிறகு செம்பனையும் இல்லை, காடும் இல்லை. இங்கிலாந்தில் ஹோம் என்னும் இடத்தில் 1851-வாக்கில் ஓர் ஏரியை வடித்து, பக்கத்துப் பீட் நிலத்தில் ஓர் இரும்புத் தூணைத் தரையோடு தரையாக இறக்கி வைத்தார்கள். இன்று அந்தத் தூண் நாலு மீட்டர் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. தூண் வளரவில்லை. ஐரோப்பியர்களுக்கு இந்தப் பாடம் தங்கள் வீட்டு வாசலிலேயே எழுதிக் கிடந்தது என்பதைக் குறிப்பிடவே இதைச் சொன்னேன்.

காய்ந்த பீட் தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். 1997-ல் மழை பொய்த்தபோது இந்தோனேஷியாவின் காடுகளும் பீட் நிலங்களும் மாதக்கணக்கில் எரிந்தன. அந்த ஒரு வருஷத்துத் தீயில் ஆகாயத்துக்குப் போன கரி 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன்னுக்குள் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். உலகம் முழுவதும் ஒரு வருஷத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியேற்றியதில் இது நூற்றுக்குப் பதின்மூன்று முதல் நாற்பது பங்கு வரை ஆகும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் உட்படச் சகல ஜனங்களும் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். 2015-லும் அதே கதி. அதன் பின்னரே, 2016 ஜனவரியில், இந்தோனேஷிய சர்க்கார் பீட் நிலங்களைச் சீர்ப்படுத்துவதற்கென்று தனி இலாகா ஏற்படுத்தி, வாய்க்கால்களை அடைத்து 20 லட்சம் ஹெக்டேரை மறுபடி நனைக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. சுமத்ரா, போர்னியோ, மலாய்த் தீபகற்பம் மூன்றிலுமுள்ள பீட் நிலத்தில், 2015-வாக்கில், நூற்றுக்கு ஆறு பங்கே பழைய நிலையில் கன்னி கழியாமல் எஞ்சியிருந்தது.

*

இவ்வளவையும் படித்துவிட்டுச் செம்பனையைச் சபிக்கத் தொடங்கினால் அதுவும் அநியாயம். ஒரு ஹெக்டேர் செம்பனை மூன்று முதல் நாலு டன் எண்ணெய் கொடுக்கிறது. கடலையோ, எள்ளோ, சூரியகாந்தியோ இதற்குக் கிட்டவும் வராது. உலகம் இதே அளவு எண்ணெயைக் கேட்டுக்கொண்டே செம்பனையை மட்டும் வேண்டாமென்றால், வேறு எங்கோ இன்னும் அதிகமான காட்டை அழிக்க நேரிடும். லாலாங் புல் மண்டிப் பாழாய்க் கிடக்கும் நிலத்தில் செம்பனை வைத்தால், கரிக் கணக்கு நஷ்டத்தில் முடிய வேண்டிய அவசியமில்லை. குற்றம் மரத்தின் மேல் இல்லை. அதை எங்கே நட்டார்கள் என்பதில் இருக்கிறது.

இது நமக்கு ஊர் வம்பு அல்ல. இந்தியா வருஷந்தோறும் 75 லட்சம் டன்னிலிருந்து 100 லட்சம் டன் வரை பாமாயிலை வெளிதேசங்களிலிருந்து, முக்கியமாக இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும், வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வகையில் வெளியே போகும் பணத்தைத் தேசத்துக்குள்ளேயே நிறுத்த வேண்டுமென்று 2021-ல் இந்திய சர்க்கார் 11,040 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுத்தது. மேற்கொண்டு 6½ லட்சம் ஹெக்டேரில் செம்பனை பயிராக வேண்டும் என்றும், அதில் 3.28 லட்சம் ஹெக்டேர் அஸ்ஸாம், அருணாசலம், மிஜோராம், நாகாலாந்து முதலான வடகிழக்கு ராஜ்யங்களில் அமைய வேண்டும் என்றும் இலக்கு வைத்தார்கள். சுதேசி எண்ணெய் வேண்டுமென்ற நோக்கத்தை ஆட்சேபிப்பதற்கு எனக்கு மனம் வராது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஏற்கெனவே உழுது கொண்டிருக்கும் வயல்களில் செம்பனை வைத்திருக்கிறார்கள். அங்கே கவலை தண்ணீரைப் பற்றியது. வடகிழக்கு மலைகளிலோ கதை வேறு. அங்கே மலைஜாதியினர் ஒரு சரிவைச் சில வருஷம் பயிரிட்டுவிட்டுப் பல வருஷம் தரிசாக விட்டுவிடுவார்கள். மூங்கிலும் மரமும் வளர்ந்து, இலை உதிர்ந்து, மண்ணின் பத்தாயம் மெல்ல மெல்ல நிரம்பும் காலம் அது. டில்லியிலிருக்கும் வரைபடத்தில் இதற்குத் 'தரிசு' என்று பெயர் இருக்கலாம். குழி தோண்டி அளந்து பார்க்காமல் அந்தப் பெயரை நம்பித் திட்டம் போட்டால், இறக்குமதிக் கணக்கில் மிச்சமான பணத்தை இன்னொரு கணக்கில் தொலைத்துவிடுவோம். வடகிழக்கில் பீட் சதுப்பு இல்லையே என்று ஆறுதல் சொல்லலாம். ஜாம்பியின் மேட்டு நிலத்திலும் பீட் இல்லை.

ஜாம்பிக் குடியானவன் ஏன் தன் காட்டு ரப்பரை வெட்டினான் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. 2011-க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. காட்டு ரப்பர்த் தோப்பில் பால் சொற்பம், வேலை அதிகம். செம்பனையோ மூன்று நாலு வருஷத்தில் குலை தள்ளி, மாதம் இரண்டு தரம் கையில் காசு கொடுக்கிறது. பிள்ளையைப் படிக்க வைக்கவும் பெண்ணுக்குக் கலியாணம் செய்யவும் நினைக்கிற எந்தத் தகப்பனும் அவன் செய்ததைத்தான் செய்திருப்பான். மண்ணின் கரி அவனுடைய நஷ்டக் கணக்கில் வருவதில்லை. வாங்கி உண்ணும் நம்முடைய கணக்கிலும் வருவதில்லை. யாருடைய பேரேட்டிலும் ஏறாத செலவு அது.

அந்த ஜாம்பியிலேயே 2013-ம் வருஷக் கடைசியில் இன்னொரு பரிசோதனை ஆரம்பமாயிற்று. ஒரு பெரிய செம்பனைத் தோட்டத்தின் நடுவே 52 இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே செம்பனைகள் சிலவற்றை அகற்றிவிட்டு, சிறியதும் பெரியதுமான திட்டுகளாக அந்தப் பிரதேசத்து மரக் கன்றுகளை நட்டார்கள். உரமும் களைக்கொல்லியும் அந்தத் திட்டுகளுக்குள் வேண்டாமென்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2023-ல், முடிவை வெளியிட்டார்கள். பறவைகளும் பூச்சிகளும் செடிகளும் பெருகியிருந்தன. தோட்டம் முழுவதற்குமாகக் கணக்கிட்டால் எண்ணெய் மகசூல் குறையவில்லை. மண்ணின் பத்தாயம் நிரம்பப் பத்து வருஷம் போதாது. ஆனால் அந்தத் திட்டுகளில், முக்கியமாகப் பெரிய திட்டுகளில், யாரும் நடாத காட்டு மரக் கன்றுகள் தாமாகவே முளைத்திருந்தன. அவை நிரை பார்த்து முளைக்கவில்லை.